கே1000-க்கு எந்த ஐம்பது?

மலையகத்து மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமா வைத்திருந்த பென்டாக்ஸ் கே1000 பிலிம் கமரா அவர் கைக்கு வந்திருக்கிறது. லென்ஸ் இல்லை. விசாரித்ததில் மூன்று கிடைத்தன. ஒன்று 50 மி.மீ. எஃப் 1.4 (எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது; எண் சிறிதானால் திறப்பு பெரிது): "உள்ளே இலேசாகப் பூஞ்சணம், ஆனால் படத்தில் தெரியாது" என்கிறார் விற்பவர். இரண்டாவது 50 மி.மீ. எஃப் 2: சுத்தமானது, முதலாவதைவிட மிகவும் மலிவு. மூன்றாவது ஒரு 28–80 ஜூம். "1.4 வைத்திருப்பவன்தான் படப்பிடிப்பாளன், எஃப் 2 எல்லாம் கமராவோடு இலவசமாகக் கொடுத்த சாமான் என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்குவது? பேசாமல் ஒரு 35 மி.மீ. லென்ஸ் தேடவா?" என்பது கேள்வி. தேயிலைத் தோட்டத்து மனிதர்களையும் அவர்கள் வாழும் லயங்களையும் மாரியம்மன் திருவிழாவையும் கறுப்பு வெள்ளையில் எடுப்பது அவருடைய ஆசை.

தம்பி, எஃப் 2-ஐ வாங்குங்கள். வாங்குமுன் கையில் எடுத்துச் சோதியுங்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன். அந்த 1.4-ஐ எஃப் 2-இன் விலைக்கே தந்தாலும் வேண்டாம். வெயில் ஊரான மன்னாரிலிருந்து யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கொஞ்சம் இழுத்துப் பேசியிருப்பேன். மூடுபனி இறங்கும் மஸ்கெலியா என்றபடியால் யோசிக்க இடமில்லை.

காரணம் நம் ஊர் வெளிச்சம். "படத்தில் தெரியாது" என்பது வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது உண்மை. பூஞ்சணம் பிடித்த லென்ஸ் படத்தில் நூல் நூலாகக் கோடு போடாது. வெளிச்சம் நேராக லென்ஸில் விழும்போது அந்த நூல்கள் அதைச் சிதறடிக்கும். சிதறிய வெளிச்சம் படம் முழுவதும் ஒரு மெல்லிய வெள்ளைப் பூச்சாகப் படியும். கறுப்பாக இருக்க வேண்டியது சாம்பலாகிவிடும். சூரியன் ஒரே திசையில் இருக்கும் ஊரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தப்பிக்கலாம். மூடுபனி இறங்கிய மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே நிற்பது ஒரு பெரிய வெள்ளைத் திரைதான். நாள் முழுவதும் யன்னலை நோக்கிப் படம் எடுப்பதற்கு அது சமம். மூடுபனியே காட்சியின் கறுப்பைப் பாதி தின்றுவிடுகிறது. மீதிப் பாதியை லென்ஸும் தின்றால் தாளில் என்ன மிஞ்சும்?

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நகரத்துக் கடையில் 50 எஃப் 1.4 ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் மஞ்சள் பல்பின் கீழே தூக்கிக் காட்டினார், கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஊருக்கு வந்து முதல் ரோலைக் கழுவிப் பார்த்தேன். இஸ்தோப்பில், அதாவது வீட்டின் முன் திண்ணையில், எடுத்த படங்கள் அருமை. கொழுந்து மலையில் காலை ஏழு மணிக்கு எடுத்தவை எல்லாம் சோறு வடித்த கஞ்சி போல இருந்தன. பனியின் குற்றம் என்று நினைத்து இன்னும் இரண்டு ரோல் வீணாக்கினேன். ஒரு நாள் டோர்ச்சை லென்ஸின் பின்பக்கம் வைத்து, சாய்த்துப் பார்த்தபோதுதான் நடுவில் ஒரு மரத்தின் வேரைப் போலக் கிளை விட்டிருந்தது தெரிந்தது.

இனி ஐம்பது என்ற எண்ணுக்கு வருகிறேன். 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 24-க்கு 36 மி.மீ. அதன் மூலைவிட்டம் 43 மி.மீ.க்குச் சற்று அதிகம். மூலைவிட்டத்துக்கு நெருங்கிய குவியத் தூரம் உள்ள லென்ஸை 'இயல்பு லென்ஸ்' என்பார்கள்: காட்சியைத் தள்ளியும் காட்டாது, இழுத்தும் காட்டாது. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்காவில் 50 மி.மீ. பொருத்தப்பட்டிருந்தது, அந்த எண்ணே வழக்கமாக நிலைத்துவிட்டது. பிற்காலத்தில், காட்சியைக் கண்ணுக்குத் திருப்பும் கண்ணாடி மடிந்து எழும் எஸ்.எல்.ஆர். கமராக்கள் வந்தபோது, அந்தக் கண்ணாடி ஆடுவதற்கு லென்ஸுக்குப் பின்னால் இடம் வேண்டியிருந்தது. 55, 58 மி.மீ. லென்ஸ்கள் அந்தக் காலத்தில் நிறைய வந்ததற்கு அது ஒரு காரணம். உங்களுக்கு 55 எஃப் 1.8 நல்ல நிலையில் கிடைத்தாலும் தயங்காமல் எடுக்கலாம்.

எண்ணைவிட, அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதைக் கையால் அளந்து வைத்துக்கொள்வது உதவும். 50 மி.மீ. லென்ஸோடு பத்தடி தூரத்தில் நின்றால், கமராவைப் படுக்கையாகப் பிடித்தபோது ஏழடிக்குக் கொஞ்சம் கூடிய அகலமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரமும் படத்துக்குள் வரும். 35 மி.மீ. என்றால் பத்தடி தூரத்தில் பத்தடி அகலம், ஏழடி உயரம். நம் பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் 50-க்குள் முழுக் காம்பராவும் அடங்காது. 35-க்குள் ஏறத்தாழ அடங்கும். உங்கள் 35 யோசனை முட்டாள்தனமானதல்ல என்று இதனால்தான் சொல்கிறேன். (காம்பரா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். அறை என்று பொருள்படும் லத்தீன் 'கமரா'தான் அதற்கும் மூலம், நாம் கையில் வைத்திருக்கும் கமராவுக்கும் மூலம். இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துளை வழியே வெளிக்காட்சி தலைகீழாக விழுவதிலிருந்து பிறந்த பெயர். லயத்துப் பிள்ளைகள் தகரத்து ஓட்டை வழியாக அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள்.)

ஆனாலும் முதல் லென்ஸாக 50-ஐயே சொல்கிறேன். இரண்டு காரணங்கள். பென்டாக்ஸ் பொருத்தில் (லென்ஸைக் கமராவில் மாட்டும் வாய்) நல்ல 35 அரிது, விலையும் கூட. 50 எங்கும் கிடைக்கும். அடுத்தது, ஆளை எடுக்கும் தூரம். 50-ஐ நெடுக்காகப் பிடித்து ஐந்தடியில் நின்றால் ஒருவர் தலை முதல் இடுப்பு வரை வருவார். ஐந்தடி என்பது ஒருவரிடம் "அக்கா, ஒரு படம் எடுக்கவா?" என்று கேட்டுவிட்டு நிற்கும் தூரம். 35-இல் அதே அளவு வேண்டுமானால் மூன்றரை அடிக்குப் போக வேண்டும். கூச்சம் உள்ளவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மூக்கும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். காம்பராவின் உள்ளே எடுக்க வேண்டுமென்றால் இஸ்தோப்பில் நின்று வாசற்படி வழியாக எடுங்கள். நிலைச் சட்டமும் படத்துக்குள் வரும், கையைச் சாய்த்துக்கொள்ள மரமும் கிடைக்கும்.

கே1000-க்கு 50 பொருந்துவதற்கு இன்னுமொரு அழகான காரணம் உண்டு. கண் வைத்துப் பார்க்கும் அதன் வ்யூஃபைண்டர் 50 மி.மீ. லென்ஸோடு காட்சியை 0.88 மடங்காகக் காட்டும், அதாவது கிட்டத்தட்ட உள்ளபடி. ஒரு கண்ணை கமராவிலும் மறு கண்ணைத் திறந்தும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று விழும். தேர் வரும்போது சட்டத்துக்கு வெளியே யார் வருகிறார், எந்தக் காவடி திரும்புகிறது என்பது திறந்த கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஜூமில் இது நடக்காது.

இப்போது நண்பர்கள் சொன்ன 1.4. எஃப் 2-ஐவிட 1.4 ஒரு ஸ்டொப் அதிகம், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். 1.7 இரண்டுக்கும் நடுவில். இந்த இரண்டு மடங்கு எங்கே உதவும் என்று கணக்குப் போடுவோம். ஐ.எஸ்.ஓ. 400 பிலிம் (வெளிச்சத்தை எவ்வளவு வேகமாக உணரும் என்பதைச் சொல்லும் எண்), நல்ல வெயில்: எஃப் 11-இல் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கே1000-இன் மிக வேகமான ஷட்டர் அதுதான். ஆகவே வெயிலில் 1.4-ஐத் திறக்கவே முடியாது, எஃப் 2-ஐயும் திறக்க முடியாது. மப்பும் மந்தாரமுமான பகலில்கூட எஃப் 4 அல்லது 5.6-இல்தான் நிற்பீர்கள். அந்த எண்களில் இரண்டு லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியாது. முடியும் என்பவரிடம் எது எதென்று சொல்லாமல் படங்களைக் கலைத்துக் கொடுத்தால் அவராலும் முடியாது.

மிஞ்சுவது காம்பராவின் உட்புறமும் திருவிழா இரவும். ஒற்றை யன்னல் உள்ள காம்பராவில், அதே 400 பிலிமுக்கு, எஃப் 2-இல் முப்பதில் ஒரு பங்கு நொடி என்று கமராவின் ஒளி மீற்றர் காட்டினால், 1.4-இல் அறுபதில் ஒரு பங்கு கிடைக்கும். 50 மி.மீ.யைக் கை நடுங்காமல் பிடிப்பதற்கு அறுபது பாதுகாப்பானது, முப்பது கொஞ்சம் தடுமாற்றம். இங்கே 1.4-க்கு மரியாதை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே ஒரு ஸ்டொப்பைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் வேறு வழியாகவும் பெறலாம்: இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் போன்ற 400 பிலிமை 800 என்று வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். பிலிம் அதைத் தாங்கும், 1600-ஐயும் தாங்கும். முழு ரோலும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முழுவதும் திறந்த 1.4-இன் இன்னொரு முகம் குவிய ஆழம். ஒரு மீற்றர் தூரத்தில் 1.4-இல் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்ரிமீற்றர் அளவுதான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கருகே நின்ற ஒரு பெரியம்மாவை அப்படி எடுத்தேன். மூக்குத்தியின் கல் ஒவ்வொரு பட்டையோடும் விழுந்திருந்தது, கண் இரண்டும் தூக்கக் கலக்கம் போல மங்கிவிட்டன. அவர் மூச்சு விட்டபோது தலை அசைந்ததோ, நான் அசைந்தேனோ, தெரியாது. எஃப் 2-இல் ஆழம் நாலரை சென்ரிமீற்றர். மூக்குத்தியும் கண்ணும் ஒரே படத்தில் சேர்ந்து வாழ அந்த ஒன்றரை சென்ரிமீற்றர் போதும்.

மங்கலை ரசிக்கத் தெரிந்தவர்களும் உண்டு. உங்களுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலேயே ஒருவர் உறங்குகிறார்: ஜூலியா மார்கரெட் கெமரன். இங்கிலாந்தின் பெரிய மனிதர்களின் முகங்களை மென்மையான குவியத்தில் எடுத்து, அதற்காகத் திட்டும் வாங்கி, புகழும் பெற்றவர். 1875-இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார்; கோப்பித் தோட்டங்கள் அவர்களுடையவை. இங்கே வேலை செய்தவர்களையும் கண்ணாடித் தகட்டில் எடுத்தார். 1879-இல் டிக்கோயாப் பக்கம் இறந்தார். பொகவந்தலாவையில் சென் மேரிஸ் தேவாலயத்து வளவில் கல்லறை இருக்கிறது. கமராவோடு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். ஆனால் அந்த அம்மையார் மங்கல் வேண்டும் என்று முடிவு செய்து எடுத்தவர். நான் மடுவத்தில் எடுத்தது தற்செயல்.

இனி முக்கியமான வேலை, லென்ஸைப் பார்த்து வாங்குவது. ஒரு சிறிய டோர்ச்சோடு போங்கள். கைத்தொலைபேசியின் வெளிச்சமும் போதும். பகலில் போங்கள், கடையின் மஞ்சள் பல்பை நம்பாதீர்கள். முன் மூடி, பின் மூடி இரண்டையும் கழற்றி, திறப்பு வளையத்தை எஃப் 2-க்கு வையுங்கள். பின்பக்கத்தில் ஒரு சிறு நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது அதைத் தொட வேண்டாம்; திறப்பைச் சிறிதாக்கிப் பெரிதாக்கும் உள் இதழ்கள் விலகியே நிற்கும். அப்படியே பிடித்துக்கொண்டு டோர்ச்சைப் பின்னால் வைத்து, முன்பக்கமாக, நேராக அல்லாமல் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் டோர்ச் கண்ணைக் கூசச் செய்யும், வேறொன்றும் தெரியாது.

சிலந்தி நூல், வேர், பனிப்பூ போன்ற கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சணம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கண்ணாடிமேல் வாயால் ஊதியது போல ஒரே சீரான மங்கல் தெரிந்தால் பழைய கிரீஸின் ஆவி உள்ளே படிந்திருக்கிறது; அதைக் கழற்றித் துடைக்கலாம், ஆனால் கழற்றத் தெரிந்தவர் வேண்டும். ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு பிறை தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போகிறது. அதற்கு மருந்து இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தூசி இருந்தால் கவலை வேண்டாம். ஐம்பது வயது லென்ஸில் தூசி இல்லாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். முன் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தாலும் பரவாயில்லை. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் வேண்டாம். அது பிலிமுக்கு மிக அருகில் இருக்கிறது, படத்தைக் கெடுக்கும். முன் கண்ணாடி முழுவதும் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிந்தால், முன்னைய சொந்தக்காரர் சாரத்தின் நுனியால் துடைத்தே பழகியவர்.

பூஞ்சணத்தைத் துடைத்து எடுக்கலாம் என்று விற்பவர் சொல்வார். ஆரம்பமாக இருந்தால் உண்மைதான். ஆனால் அது வெறுமனே படர்வதில்லை. வளர வளர அமிலம் கக்கிக் கண்ணாடியின் பூச்சை அரிக்கிறது. அரித்தபின் பூஞ்சணம் போனாலும் அதன் தடம் போகாது. அந்தப் பூச்சு எதற்கு என்றால்: பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நாலைத் திருப்பி அடிக்கும். காற்றைத் தொடும் எட்டுப் பரப்புகள் உள்ள லென்ஸில் இப்படியே நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். போனது போகட்டும் என்றால் அதுவும் இல்லை, அதில் ஒரு பகுதி உள்ளேயே எகிறிப் படத்தின்மேல் வெள்ளையாக விழும். பென்டாக்ஸ் லென்ஸ்களில் 'எஸ்.எம்.சி.' என்று எழுதியிருப்பது பல அடுக்குப் பூச்சைக் குறிக்கிறது. 1971-இலிருந்து அவர்கள் செய்த நல்ல காரியம் அது. மூடுபனி நாட்டுக்காரன் அந்த மூன்று எழுத்துகளுக்குக் கொடுக்கும் காசு, 1.4 என்ற எண்ணுக்குக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது.

அடுத்து இதழ்கள். வளையத்தை எஃப் 16-க்கு வைத்து அந்த நெம்பை இழுத்துச் சட்டென்று விடுங்கள். இதழ்கள் கண் இமைப்பதற்குள் மூடிக்கொள்ள வேண்டும். சோம்பேறித்தனமாக மூடினால், அல்லது இதழ்களில் எண்ணெய் மினுக்கம் தெரிந்தால், ஷட்டர் திறக்கும் நேரத்தில் அவை பாதியில் நிற்கும், படம் வெளுக்கும். குவிய வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருட்டிப் பாருங்கள். கடையில் கொஞ்சம் கனமாக இருந்தால், தை மாதத்து விடியலில் நுவரெலியாவில் கல்லாகிவிடும். பழைய கிரீஸ் குளிரில் இறுகும். பிறகு முன் விளிம்பைத் தடவுங்கள். நசுங்கியிருந்தால் எப்போதோ விழுந்த லென்ஸ். கமராவையும் கொண்டு போங்கள். மாட்டி, பூட்டும் 'டிக்' சத்தத்தைக் கேட்டு, எதிர் மலையில் உள்ள கோயில் கோபுரத்தையோ தொழிற்சாலைக் கூரையையோ, குவிய வளையத்தின் கடைசித் தூரமான முடிவிலியில் குவித்துத் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். வாசனையும் பாருங்கள், சிரிக்க வேண்டாம். தோல் உறையில் வருடக்கணக்கில் கிடந்த லென்ஸில் ஈரப் பலகை வாசம் அடிக்கும். அந்த உறையைச் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள், பூஞ்சணம் குடியிருப்பதே அதில்தான்.

இந்த எஃப் 2 கையை விட்டுப் போனால் வேறு எதைத் தேடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எம்.சி. பென்டாக்ஸ்-எம் 50 எஃப் 1.7 என் முதல் தெரிவு: ஆறு கண்ணாடி, 185 கிராம், 45 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம். எஃப் 2-இல் ஐந்தே கண்ணாடிதான், 170 கிராம். ஓரங்களில் கொஞ்சம் மென்மையாக இருக்கும், எஃப் 5.6-இல் அதுவும் மறைந்துவிடும். 'ஏ' வரிசை 50-களும் அப்படியே பொருந்தும். ரிக்கோ, சினோன் போன்ற நிறுவனங்களும் இதே கே பொருத்தில் லென்ஸ் செய்தன. ரிக்கோவின் 50 எஃப் 2 மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். 40 மி.மீ. எஃப் 2.8 என்று ரொட்டி போலத் தட்டையான ஒன்றும் உண்டு, 18 மி.மீ. தடிப்புத்தான். சட்டைப் பைக்குள் போகும், ஆனால் சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: 'டி.ஏ.' வரிசை போன்ற புதிய பென்டாக்ஸ் லென்ஸ்கள் சிலவற்றில் திறப்பு வளையமே இல்லை. அவை கே1000-இல் அழகாகப் பூட்டிக்கொள்ளும், ஆனால் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் மிகச் சிறிய திறப்புக்குப் போய் நிற்கும். வளையம் இல்லாத லென்ஸை வாங்கவே வேண்டாம்.

பழைய திருகு லென்ஸ்கள், அதாவது எம்42, பல வீடுகளில் செனிட், ப்ரக்டிகா கமராக்களோடு தூங்குகின்றன. பென்டாக்ஸின் கே பொருத்துக்கும் எம்42-க்கும் பிலிமிலிருந்து உள்ள தூரம் ஒன்றே, 45.46 மி.மீ. ஆகையால் ஒரு மெல்லிய வளையத்தோடு அவை கே1000-இல் முடிவிலி வரை வேலை செய்யும். நிக்கோனில் அந்தத் தூரம் 46.5 மி.மீ.; அங்கே மாட்டினால் தூரத்து மலை மங்கும். வளையத்துக்கு விளிம்பு இருக்கக் கூடாது. விளிம்புள்ள மலிவு வளையம் லென்ஸை முன்னால் தள்ளி முடிவிலியைக் கெடுக்கும். சோவியத் ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2, இதில் பிரபலம். பின்னணித் தேயிலைச் செடிகளைச் சுழல வைக்கும். அதற்குத் திறப்பு வளையம் இரண்டு. குவிக்கும்போது திறந்து, எடுக்கும்போது கையால் மூட வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் அதைச் செய்துகொண்டிருந்தால் தேர் போய்விடும். பென்டாக்ஸின் பழைய சூப்பர் டக்குமார் 50 எஃப் 1.4 தேயிலைச் சாயம் போல மஞ்சளாக இருந்தால் பயப்படாதீர்கள். அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, அதுதான் நாளடைவில் மஞ்சளாகிறது. சில நாட்கள் வெயில் காட்டினால் வெளுக்கும். நம் ஊரில் அந்தச் சில நாள் வெயிலுக்கு மாசி மாதம் வரை காத்திருக்க வேண்டிவரலாம்.

ஜூம்? வேண்டாம். இருட்டு, கனம், கண்ணாடி அதிகம், மூடுபனியில் வெளுக்கும்.

லென்ஸோடு மூன்று சில்லறைச் சாமான் வாங்குங்கள். முதலாவது மூடி: கே1000-இல் மீற்றரை நிறுத்த சுவிட்ச் கிடையாது, லென்ஸை மூடினால்தான் பற்றரி உறங்கும். இரண்டாவது, லென்ஸின் முன் வாய்க்குப் பொருந்தும் 49 மி.மீ. ரப்பர் ஹூட். வெள்ளை வானம் பக்கத்திலிருந்து விழுவதைத் தடுக்கும், தூறலில் கண்ணாடியையும் காக்கும். மூன்றாவது மஞ்சள் பில்டர், அதுவும் 49. தூரத்து மலையின் நீலப் புகாரை அது குறைக்கும், மேகத்தை எடுத்துக் காட்டும். மூடுபனியைக் குறைக்குமா என்று சிலர் கேட்பார்கள். குறைக்காது. பனியின் துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிச் சிதறடிக்கின்றன. பில்டருக்குப் பிடித்து நிறுத்த நீலம் என்று தனியாக ஒன்றும் இல்லை. பனியில் மீற்றர் முள்ளை நடுவில் நிறுத்தி எடுத்தால் வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாக வரும். ஒரு ஸ்டொப் கூடுதலாகத் திறந்துவிடுங்கள்.

வாங்கிய லென்ஸ் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க வேண்டுமே. ரப்பர் விளிம்பு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறினால் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடுங்கள். சமைக்கும் தாச்சியில் அல்ல, தனியாக ஒன்றில். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூசி வளையத்துக்குள் போகும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் மர அலுமாரிக்குள் ஒரு சிறு பல்பை இரவும் பகலும் எரியவிட்டு வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், கெட்டிக்காரத்தனமான வேலை. அடுப்பங்கரைப் பரணில் வைத்தால் காயும் என்று நினைக்காதீர்கள், புகையும் எண்ணெயும் படியும். குளிரில் வெளியே நின்றுவிட்டு, கேத்தல் கொதிக்கும் காம்பராவுக்குள் கமராவைத் தொங்கவிட்டபடி நுழையவும் வேண்டாம். பைக்குள் மூடி, அரை மணி நேரம் கழித்து எடுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துப் படம் பிடிப்பது.

முதல் ரோலைச் சோதனைக்கு ஒதுக்குங்கள், ஒரு கொப்பியில் ஒவ்வொரு படத்துக்கும் திறப்பையும் ஷட்டரையும் எழுதுங்கள். தகரக் கூரையைச் சாய்வாக எஃப் 2, 4, 8-இல் எடுங்கள்; தகரத்தின் மடிப்புகள் எந்த இடத்தில் தெளிகின்றன என்பது குவியம் சரியா என்று சொல்லும். 45 சென்ரிமீற்றரில் ஒரு கொழுந்து, ஐந்தடியில் ஒரு முகம், எதிர் மலை, யன்னலுக்கு எதிராக ஒன்று, மூடுபனியில் நாலைந்து. கழுவக் கொடுக்கும்போது நெகட்டிவைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஸ்கானை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவை எறிந்துவிடும் கடைகளும் இருக்கின்றன. நெகட்டிவ் கைக்கு வந்ததும் பெருக்கிக் கண்ணாடி தேடி அலைய வேண்டாம். கமராவிலிருந்து அந்த 50-ஐக் கழற்றி, முழுவதும் திறந்து, தலைகீழாகக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவைப் பாருங்கள். ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும்.